கோட்டுக்குக் கீழே சைனம்பு

பேராசிரியர் காசிநாதனிடம் ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தது. அடிப்பதற்கு இல்லை, அந்தக் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. அளப்பதற்கு. எம்.ஏ. மாணவர் யாராவது ஆய்வேட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் மனிதர் தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டார். ஸ்கேலை எடுத்து இடப்புற ஓரத்தை அளப்பார். ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். மற்ற மூன்று பக்கமும் ஒவ்வோர் அங்குலம். ஒரு நூல் குறைந்தாலும், "பைண்டு பண்றவன் கத்தி உன் கருத்தைப் பார்த்து வெட்டாதுப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். முந்தின வருஷம் சுப்புராமன் என்பவன் முழு ஆய்வேட்டையும் இரண்டு முறை தட்டச்சு செய்து கொடுத்தான். பிறகு பாங்கில் வேலை கிடைத்துப் போனவனுக்கு, செக்கை யாராவது நீட்டினால்கூட முதலில் ஓரத்தைப் பார்க்கத்தான் கண் போனதாம்.

இப்படிப்பட்டவரிடம் போய் மாட்டியிருந்தாள் செங்கற்பட்டு சுராயா. அப்பா சுலைமானுக்கு பஜாரில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. சுராயா தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தாள். 'மாமல்லபுரம் கடற்கரையும் செங்கற்பட்டுக் கருவாட்டுச் சந்தையும்' என்பது அவளுடைய ஆய்வேடு. அதைத் தமிழில் எழுதுகிறேன் என்று அவள் கேட்டபோது, துறையில் அதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். காசிநாதன்தான், "எழுதட்டும், நான் பொறுப்பு" என்று சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அதனாலேயே அவளிடம் ஸ்கேலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எழுபத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த தவணை அக்டோபரில்தான். ஒரு பெண்கள் கல்லூரியில் ஜூன் மாதம் விரிவுரையாளராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அக்டோபர்வரை அந்த நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு யார் காத்திருக்கப் போகிறார்கள்? ஆகவே வெள்ளிக்கிழமை அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சுராயாவின் உயிர் அந்தக் கையெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

காசிநாதனின் விதிகள் ஒரு சைக்ளோஸ்டைல் தாளில் இருந்தன. இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். அழித்துத் திருத்தக் கூடாது. அத்தியாயம் முடிகிற இடம் தவிர எந்தப் பக்கமும் அரைகுறையாக நிற்கக் கூடாது. 'நான்' என்று எழுதவே கூடாது, 'ஆய்வாளர்' என்றுதான் எழுத வேண்டும். பிறர் சொன்ன ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தின் அடியில் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே சொன்னவர் பெயர் தர வேண்டும்; வயதும் ஊரும் முதல் தடவை மட்டும் போதும். திரு, திருமதி, ஜனாப் ஒன்றும் வேண்டாம். "அடிக்குறிப்பு இல்லாத வாக்கியம் வதந்தி" என்பது அவர் வகுப்பில் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

கடைசி விதி ஒன்று இருந்தது. நேர்காணல் தந்தவரிடம் அவர் பெயர் வரும் பக்கங்களைப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அவர் மறுத்தால் அந்தச் செய்தியை நீக்கிவிட வேண்டும். மற்றவர்களிடமெல்லாம் படித்துக் காட்டி முடித்தாயிற்று. குப்பத்துக்காரர்கள் பாதி கேட்டதுமே, "சரி சரி, போட்டுக்கம்மா" என்று வலை பின்னப் போய்விட்டார்கள். மீதி இருந்தவள் ஒருத்திதான். அவளை வேண்டுமென்றேதான் புதன்கிழமைவரை தள்ளி வைத்திருந்தாள் சுராயா.

அவள் கருவாட்டு மண்டி சைனம்பு. மண்டியின் போர்டில் 'மதார் சாகிப்' என்று அவள் புருஷன் பெயர் இருந்தது. கல்லாவில் சைனம்பு இருந்தாள். மதார் சாகிப் பின்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, யாராவது ஏதாவது கேட்டால், "அவளக் கேளு" என்று கையைக் காட்டுவார். கரையில் காய்கிற கருவாட்டில் எது மணல் ஒட்டினது, எது உப்புக் குறைந்தது என்று மூட்டையைப் பிரிக்காமலே சொல்கிற மூக்கு சைனம்புவுக்கு. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவள் சொன்னதுதான். அவள் மாட்டேன் என்றால் அத்தியாயமே கிடையாது.

சுராயா போனபோது கடற்கரைப் பக்கமிருந்து வந்த லாரியிலிருந்து அதன் டிரைவர் சம்பத் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். சைனம்பு ஒரு கோணியைத் தட்டிப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

"வாடி எம்மே. நான் எங்க கீறேன், முதல்ல அதக் காட்டு."

சைனம்புவுக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், தன் பெயரை எந்த மூலையில் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். சுராயா முதல் பக்கத்தை நீட்டினாள். சைனம்புவின் விரல் மேலிருந்து வரிவரியாக இறங்கிக் கடைசியில் அடிக்கோட்டில் இடித்து நின்றது.

"இன்னாடி இது? மேல மகாபலிபுரம் கீது, சதுரங்கப்பட்டினம் கீது, இதோ நிக்கிறானே இந்தச் சம்பத்து, இவன் லாரிகூட மேலதான் கீது. என்ன மட்டும் கோடு கிழிச்சி கீழ உக்கார வெச்சிகீறே?"

"அக்கா, அது அடிக்குறிப்பு. அதுதான் ரூல்."

"இன்னா ரூலு? மத்தவங்களுக்கெல்லாம் எடம் வுட்டு வுட்டு அடிச்சிகீது. எனக்கு மட்டும் நெருக்கி அடிச்சிகீது. பந்தியில எடம் இல்லாதவள வாசப்படியாண்ட குந்த வெச்சாப்புல கீது!"

அடிக்குறிப்புக்கு ஒற்றை இடைவெளி என்பதும் விதிதான். ஆனால் கோபத்தில் இருப்பவளிடம் தட்டச்சு இடைவெளியைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை. அதற்குள் சைனம்புவின் கண் அடுத்த குற்றத்தைப் பிடித்துவிட்டது.

"வயசு நாப்பத்தாறா? எவன் சொன்னான்?"

"மதார் அண்ணன்தான்..."

"அவருக்கு அவர் வயசே தெரியாது! முப்பத்தெட்டுன்னு போடு."

சைனம்புவின் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, அந்த மகளின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. கணக்கு எப்படி இடிக்கிறது என்று மார்க்கெட்டில் யாரும் கேட்டதில்லை. பின்பக்க முக்காலியிலிருந்து லேசாக ஒரு இருமல் மட்டும் கேட்டது. கடைசியில் 'சுமார் நாற்பது' என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். 'சுமார்' என்ற சொல்லுக்குச் சைனம்பு அன்றைக்கு ரொம்பவும் மரியாதை கொடுத்தாள்.

வயது தீர்ந்தது, இடம் தீரவில்லை. "எம் பேரு எந்தக் காயிதத்திலயும் அச்சுல வந்ததில்ல. ஒரே ஒரு தபா வருது, அதுவும் கால்மாட்டுலயா? வாணாம். எம் பேரையும் எட்த்துடு, நான் சொன்னதயும் எட்த்துடு." குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால்கூடச் சுராயாவுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. போர்டில் யார் பெயர் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் தாள்களை அடுக்கத் தொடங்கியபோது, சம்பத் ஒரு மூட்டையைத் தலைகீழாகப் புரட்டி வைத்தான். மூட்டையின் அடியில் நீல மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 'சை'. சுராயா டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க மார்க்க ஏன் மூட்டைக்கு அடியில போட்டு வெச்சிருக்கீங்க? வாய்ப்பக்கம் போட வேண்டியதுதானே?"

"வாய எவன் வேணாப் பிரிச்சி, நல்லத எட்த்துட்டு, கழிசடைய உள்ள தள்ளித் தெச்சுடுவான். அடிய எவனும் பிரிக்க மாட்டான். சந்தேகம் வந்தா மூட்டயப் பெரட்டிப் பாப்பான். சைனம்பு மார்க்கு கீதான்னு..." சைனம்பு நிறுத்தினாள்.

"அதேதாங்கா இது. மேல நான் என்ன வேணா எழுதலாம். நம்பாதவங்க அடியிலதான் பாப்பாங்க."

சைனம்பு அந்தப் பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி, "இன்னாங்க, கேட்டீங்களா? என் மார்க்குல புக்கு வருதாம்!" என்று சத்தம் போட்டாள். உடனே சம்பத்துக்கும் சேர்த்து மூன்று டீ வந்தது. சுராயாவுக்கு ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷம்.

ஆனால் சுராயா சற்று அதிகமாகவே சாமர்த்தியம் காட்டிவிட்டாள்.

பக்கம் பக்கமாகப் படித்தாள். சைனம்பு தலையாட்டினாள், இடையிடையே, "ஆமா, அப்டித்தான்," என்றாள். ஓரிடத்தில் சுராயா ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிப் போட்டாள்.

"ஏய் நில்லு. அதுல எம் பேரு கீது. படிக்காம தள்ற?"

"அதுல ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாத மூட்டைக்கு என் மார்க்கு எதுக்கு? படி."

வேறு வழியில்லை. சுராயா படித்தாள்: "மாதத்தின் முதல் வாரத்தில் வஞ்சிரம், சுறா முதலிய பெரிய மீன்களின் கருவாடு செங்கற்பட்டுக்கு வருவது குறைகிறது. இதற்குக் கடலின் நிலை காரணமன்று. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் சம்பளம் வழங்கப்படும் வாரம் அது. பெரிய மீன் அங்கேயே பச்சையாக விற்றுவிடுவதால் காய வைக்க மீன் மிஞ்சுவதில்லை."

கீழே கோடு. கோட்டுக்குக் கீழே, சைனம்பு.

சைனம்பு டீ கிளாசைக் கீழே வைத்தாள். "இத நான் எப்பச் சொன்னேன்? கடல் சரியில்லன்னுதானே சொன்னேன்? ஏழெட்டு வருசமா அதத்தானே சொல்லிகினு கீறேன்?"

சுராயாவின் காது சூடாகிவிட்டது. உண்மைதான், சைனம்பு அதைச் சொல்லவே இல்லை. யாருமே சொல்லவில்லை. ஜனவரியில் ஒருநாள் குப்பத்திலிருந்து திரும்பும்போது கல்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் சுராயா காத்துக்கொண்டு நின்றாள். அணுமின் நிலையக் கட்டுமான வேலை முடிந்து வரிசையாக சைக்கிள்கள் போயின. ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் ஓலைப்பை, ஓலைப்பைக்கு வெளியே ஒரு வஞ்சிர வால். என்ன விசேஷம் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள். "சம்பளம் வந்துகீதும்மா" என்றார். பஸ் வந்ததும் ஏறாமல் நின்றுவிட்டாள். வரத்துக் குறைகிற வாரமும் இந்த வாரமும் ஒன்றுதானே என்று அங்கேயே மனசுக்குள் பொருத்திப் பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் போய்ப் பார்த்தாள், அதற்கடுத்த மாதமும் போய்ப் பார்த்தாள். மூன்று மாதமும் சரியாக இருந்தது.

ஆனால் எழுதும்போது தைரியம் வரவில்லை. இருபத்திரண்டு வயசுப் பெண் பஸ் ஸ்டாப்பில் நின்று கண்டுபிடித்தேன் என்றால் எவர் ஒத்துக்கொள்வார்? அடிக்குறிப்பு இல்லாத வாக்கியம் வதந்தி. பிறகென்ன, கைக்கு வாட்டமாக இருந்த பெயரை அடியில் ஒட்டிவிட்டாள்.

சைனம்பு அவளைத் திட்டவில்லை. முதலில் சம்பத்தைக் கூப்பிட்டாள். "டேய், மொத வாரத்துல கரையில பெரிய மீனே இல்லையாடா?"

"ஏன் இல்லாம? கட்டுமரம் வந்ததும் டவுன்ஷிப்பாண்ட தூக்கிகினு ஓடிடுவாங்க. காயப் போட எங்க கெடைக்கும்?"

"இத ஏண்டா என்னாண்ட சொல்லல?"

"நீ கேக்கல. கடலத் திட்டிகினு இருந்த, நானும் சேந்து திட்டினேன்."

சைனம்பு நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முக்காலியில் இருந்த மதார் சாகிபும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கு வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. இனிமேல் மாதக் கடைசி வாரத்திலேயே போய் மீன் பேசி வைக்க வேண்டும் என்று சம்பத்துக்கு உத்தரவு போட்டாள். அப்புறம்தான் சுராயாவின் பக்கம் திரும்பினாள்.

"இது என் சரக்கில்ல. என் மார்க்கு போடாத."

"அக்கா..."

"நான் சொன்னேன்னு போட்டா, அடுத்த மண்டிக்காரன் இன்னா கேப்பான்? தெரிஞ்சிகினே ஏன் அந்த வாரத்துக்குக் கரையில அட்வான்ஸ் குட்த்தேன்னு சிரிப்பான். மார்க்கு போட்ட மூட்டயில அடுத்தவ சரக்கு இருக்கக் கூடாது. நீதானே சொன்ன, சந்தேகம் வந்தா அடியில பாப்பாங்கன்னு?"

சொன்னது நான்தான், இப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதும் நான்தான் என்று சுராயாவுக்குப் புரிந்தது. "வேற யார் பேரப் போடறதுக்கா? நான் யோசிச்சதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு."

"யோசிச்சது நீயா?"

"ஆமா."

"அடிப்பாவி. அப்பறம் எதுக்கு எனக்குக் குடுக்கற? மட்டமான சரக்குக்கு நல்ல மார்க்கு திருடறவன எத்தினியோ பேரப் பாத்துகீறேன். நல்ல சரக்க அடுத்தவ மார்க்குல தள்ளிவுடற பேஜார இப்பத்தான் பாக்கறேன்!"

மற்ற பக்கங்களுக்கெல்லாம் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த ஒரு பக்கத்துக்கு இல்லை.

மார்க்கெட்டிலிருந்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்து வரும்போது சுராயா முடிவு செய்துவிட்டாள். அடிக்குறிப்போடு வாக்கியத்தையும் எடுத்துவிட வேண்டியதுதான். அது போனால் ஆய்வேட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது, கையெழுத்து விழும், வேலை கிடைக்கும். மனசு மட்டும் கேட்கவில்லை. ஒப்புக்கு எழுதிய எத்தனையோ பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன, தானாக யோசித்த ஒரே இடம் குப்பைக்குப் போகிறதே என்று அழுகை வந்தது. அதைக் கண்ணில் தூசு விழுந்த கணக்கில் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்டிடியூட் வரலட்சுமி தமிழ் மெஷினில் மூன்று கார்பன் வைத்து அடிப்பவள். சுராயாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். வயது திருத்திய பக்கத்தை அடித்து முடித்து, இந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தவள் வரிகளைக் கணக்குப் பார்த்தாள்.

"ஏ, இத எடுத்தா பக்கம் தொங்கும். வாக்கியமும் போச்சு, அடிக்குறிப்பும் போச்சு, கோடும் போச்சு. கீழ இவ்ளோ எடம் காலியா நிக்கும். உங்க ஸ்கேல்காரரு வுட்டுடுவாரா?"

விட மாட்டார். அரைகுறைப் பக்கம் கூடாது.

"அடுத்த பக்கத்துலருந்து இழுத்தா?"

"அத்தியாயம் முச்சூடும் இழுக்கணும். நாளான்னிக்குக் குடுக்கணும்னு நெனப்பு கீதா உனக்கு? இன்னாவது எழுதிக் குடு, ரொப்பிடலாம்." வரலட்சுமி புதுத் தாளை உருளையில் மாட்டிவிட்டு விரல்களை நெட்டி முறித்தாள்.

சுராயா பென்சிலை எடுத்தாள். எதை எழுதுவது? அந்த வெற்றிடத்துக்குப் பொருத்தமாக அவளிடம் ஒரே ஒரு சரக்குதான் இருந்தது. நீக்கிய வாக்கியத்தையே மறுபடி எழுதினாள். அடிக்குறிப்பு இருந்த இடம் இன்னும் மிஞ்சியது. சைக்கிள்களைப் பற்றி எழுதினாள். மூன்று மாதமும் போய்ப் பார்த்ததை எழுதினாள். எழுத எழுதத் தைரியம் வந்தது, கடைசியில் இடம் போதவில்லையே என்றுகூட இருந்தது. வரலட்சுமி படித்துக்கொண்டே அடித்தாள்.

"'வணிகர்கள் கடலைக் காரணம் காட்டினும், இது ஆய்வாளர் தாமே கண்டறிந்த முடிவு.' யாருடி ஆய்வாளர்?"

"நான்தான்."

"அப்ப நான்னே போட வேண்டிதுதானே?"

"போடக் கூடாது. ரூல்."

"நல்ல ரூலு," என்று வரலட்சுமி கடைசி வரியைத் தட்டினாள். கீழே சரியாக ஓர் அங்குலம் நின்றது.

வெள்ளிக்கிழமை ரயில் கூடுவாஞ்சேரி தாண்டும்வரை சுராயா அந்தப் பக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அது அடிக்கோடு இல்லாமல் மொட்டையாக இருந்தது. நல்ல பெயர் எடுக்கப் போன இடத்தில் தானே தலையைக் கொடுத்துவிட்டோமோ என்று மறுபடி பைக்குள் வைத்தாள்.

காசிநாதன் அளந்தார். இடது ஓரம் சரி, மேலே சரி, கீழே சரி. பிறகு படிக்க ஆரம்பித்தார். அவர் படிக்கிற வேகத்துக்கு மின்விசிறிகூடக் கொஞ்சம் நிதானமாகச் சுற்றியது. மூன்றாம் அத்தியாயத்தில் அவர் விரல் அடிக்குறிப்பைத் தேடிக் கீழே இறங்கியது. ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"ஏம்மா, இதுக்கு அடிக்குறிப்பு எங்கே?"

"இல்லை சார்."

"இல்லையா? யார் சொன்னது இது?"

"நான் சார்." என்றாள் சுராயா. "மண்டியில கேட்டேன், கடல்னு சொன்னாங்க. லைப்ரரியில தேடினேன், ஒண்ணும் இல்லை. முதல்ல வேற ஒருத்தங்க பேரைப் போட்டிருந்தேன். அவங்க ஒத்துக்கலை. அவங்க சொல்லாததை அவங்க பேர்ல போடக் கூடாதுன்னுட்டாங்க."

"யார் அவங்க?"

"மத்த பக்கத்திலெல்லாம் கோட்டுக்குக் கீழே இருக்காங்களே சார், சைனம்பு."

காசிநாதன் இழுப்பறையைத் திறந்து தம்முடைய சைக்ளோஸ்டைல் தாளையே எடுத்தார். முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை விரலை வைத்துப் படித்தார். பிறர் சொன்ன செய்திக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று இருந்தது. பிறர் சொல்லாததற்கு என்ன செய்வது என்று எங்கேயும் இல்லை. இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் அந்தத் தேவையை அவருக்கு உண்டாக்கியதில்லை. மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை முழுசாகப் படித்தார். படித்து முடித்தபோது, சுராயா அவரிடம் ஒருநாளும் கண்டிராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

ஸ்கேலை இழுப்பறையில் போட்டு மூடினார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"இதுக்கு அடிக்குறிப்பு வேண்டாம்மா. இனிமே எவன் இதை எழுதினாலும் அவன்தான் கோடு போட்டாகணும். கோட்டுக்குக் கீழே உன் பேரு, வயசு, ஊரு."

செங்கற்பட்டு மண்டியில் புரட்டி வைத்த மூட்டையும், அதன் அடியில் நீல வட்டமும் சுராயாவின் கண்முன்னே வந்து நின்றன.

"பேரும் ஊரும் போடட்டும் சார்," என்றாள். "வயசை மட்டும் 'சுமார்'னு போடச் சொல்லிடுங்க."